ஐந்து சதப் பணிசும் சம ஆசனமும்
— அமெரிக்க ஹம்பேர்கர் கடையின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு —

ஒரு சமுதாயத்தில் யார் யாருக்கு நண்பராயிருக்க முடியும் என்பதை அறிய, அதன் சட்டநூல்களைப் புரட்டுவதிலும் அதன் பந்தியை நோக்குவது பயனுடையது. வீட்டுப் பந்தியில் அமர்வோரை உறவும் குலமும் தீர்மானிக்கின்றன. கடையின் மேசையோ காசு கொடுத்த எவருக்கும் உரியது என்பது வணிகத்தின் பொதுக் கொள்கை. இக்கொள்கை நடைமுறையில் எவ்வளவு தூரம் உண்மையாக இருந்தது என்பதை ஆராய்வதற்கு அமெரிக்காவின் ஹம்பேர்கர் கடை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மாலைப்பொழுதில் நண்பர் நால்வர் கூடி, மலிவான ஓர் உணவுச்சாலையிற் புகுந்து, பணிசுக்கிடையே வைத்த இறைச்சியைக் கையாலெடுத்து உண்டு, உரையாடி மகிழ்ந்து செல்லுதல் இன்று உலகின் பல நகரங்களில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. இந்நிகழ்ச்சிக்கு வேண்டியவை மூன்று: அச்சமின்றி உண்ணத்தக்க உணவு, மாணவரும் தொழிலாளரும் கொடுக்கத்தக்க விலை, யாவரும் அமரத்தக்க ஆசனம். இவற்றுள் முதலிரண்டையும் வணிகர் தேடித் தந்தனர். மூன்றாவது அவ்வாறு கிடைத்ததன்று. அதனைப் பெறுவதற்கு இளைஞர் பலர் அடியும் சிறையும் ஏற்கவேண்டியிருந்தது. இம்மூன்றும் வந்த வரலாற்றினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெண்கோட்டையும் ஐந்து சதமும்

ஹம்பேர்கர் என்னும் பெயர் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகரின் பெயரடியாகப் பிறந்தது. அரைத்த மாட்டிறைச்சியைத் தட்டிப் பொரித்து உண்ணும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க நகரங்களில் அறிமுகமாகியிருந்தது. அதனைப் பாணுக்கிடையில் முதன்முதல் வைத்து விற்றவர் யார் என்பது பற்றிப் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. வரலாற்று நோக்கில் இவ்வுரிமைப் போட்டி அத்துணை முக்கியமானதன்று. அவ்வுணவு எவ்வாறு மக்களின் நம்பிக்கையைப் பெற்றது என்பதே முக்கியமானது.

1906ஆம் ஆண்டில் அப்டன் சிங்ளேயர் எழுதிய நாவலொன்று சிக்காகோவின் இறைச்சிச்சாலைகளில் நிலவிய அழுக்கையும் தொழிலாளரின் துயரையும் வெளிப்படுத்தியது. அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு பற்றிய சட்டமும் நிறைவேறின. எனினும், அரைத்த இறைச்சியில் என்ன கலந்திருக்குமோ என்னும் ஐயம் மக்கள் மனத்தினின்றும் நீங்கவில்லை. வசதி படைத்தோர் அதனை ஏழைகளின் உணவென ஒதுக்கினர்.

இந்த ஐயத்தைப் போக்கிய பெருமை கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரைச் சாரும். வோல்ட்டர் அன்டர்சன் என்னும் சமையற்காரர் 1916ஆம் ஆண்டில் அங்குச் சிறு கடையொன்றைத் தொடங்கினார். 1921ஆம் ஆண்டில் அவர் பில்லி இங்கிராம் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து 'வைற் காசில்', அதாவது வெண்கோட்டை என்னும் பெயருடைய கடையை நிறுவினார். பெயரிலும் சுவரிலும் வெண்மை விளங்கியது. அது தூய்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. இறைச்சியை வாடிக்கையாளரின் கண்முன்னே பொரித்தனர். மறைவான சமையலறை இல்லாத கடையில் ஐயத்துக்கும் இடமில்லை என்பது அவர்களது கணிப்பாகும்.

அக்கடையில் ஒரு ஹம்பேர்கரின் விலை ஐந்து சதம். 1920களிலும் 1930களிலும் இவ்விலை மாறாதிருந்தது. தொழிற்சாலை வேலைமுறை முடிந்து நள்ளிரவில் வரும் தொழிலாளி அங்கிருந்த சில உயர்ந்த ஆசனங்களில் ஒன்றிலமர்ந்து அயலானுடன் தோளோடு தோளுரச உண்டான். 1932ஆம் ஆண்டில் இந்நிறுவனம் 'யூலியா ஜோய்ஸ்' என்னும் புனைபெயருடன் ஒரு பெண்மணியை அமர்த்தி, நடுத்தர வகுப்புக் குடும்பப் பெண்களைக் கடைக்கு அழைத்துவந்து தூய்மையைக் காட்டச் செய்தது. இதனால் ஏழைத் தொழிலாளரின் உணவு என்னும் இழிவு நீங்கத் தொடங்கியது. உணவு, விலை ஆகிய முதலிரு தேவைகளும் இவ்வாறு நிறைவெய்தின.

வேகம் கவர்ந்த ஆசனம்

வைற் காசில் தோன்றிய அதே 1921ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் மற்றொரு வகைக் கடை தோன்றியது. 'பிக் ஸ்ராண்ட்' எனப் பெயரிய அக்கடையில் உண்ண வருவோர் மோட்டார் வண்டியைவிட்டு இறங்கவேண்டியதில்லை. பணியாளர் வண்டிக்கே உணவைக் கொண்டுவந்து கொடுத்தனர். ஹென்றி ஃபோர்ட்டின் தொழிற்சாலை 1913ஆம் ஆண்டிலிருந்து தொடர்வரிசை முறையில் வண்டிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியபின் மோட்டார் வண்டி சாதாரண குடும்பத்தினருக்கும் எட்டக்கூடியதாயிற்று. அதன் விளைவே இப்புதிய கடைமுறை. வண்டியின் ஆசனமே உணவுச்சாலையின் ஆசனமுமாயிற்று. பெற்றோரின் கண்காணிப்பிலிருந்து விலகி நண்பர்களுடன் பொழுதுபோக்க விரும்பிய இளைஞர்க்கு இத்தகைய கடைகளின் முன்றில் மாலைநேர மன்றமாக விளங்கியது.

ரிச்சர்ட், மோரிஸ் என்னும் மக்டொனால்ட் சகோதரர் இருவர் 1940ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் சான் பேர்ணாடினோ நகரில் தொடங்கியதும் இத்தகைய கடையே. கடை நன்றாக நடைபெற்றது. ஆயினும் இளைஞர் கூட்டம் நீண்டநேரம் வண்டிகளை நிறுத்திவைத்திருந்தமையும், கோப்பைகளும் கரண்டிகளும் அடிக்கடி காணாமற் போனமையும் சகோதரர்க்குச் சலிப்பூட்டின. 1948ஆம் ஆண்டில் அவர்கள் கடையைச் சில மாதங்கள் மூடி முற்றாகச் சீரமைத்தனர். பரிமாறும் பணியாளர் நீக்கப்பட்டனர். உணவுவகைகள் ஒன்பதாகக் குறைக்கப்பட்டன. கோப்பைக்கும் கரண்டிக்கும் பதிலாகக் கடதாசி வந்தது. சமையல் வேலை சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒருவர் ஒரு கூற்றை மாத்திரமே செய்யும் முறை ஏற்பட்டது. ஹம்பேர்கரின் விலை பதினைந்து சதமாகியது. உண்போர் தாமே சாளரத்தருகே சென்று வாங்கிச் செல்லவேண்டும். தொழிற்சாலையின் ஒழுங்கு சமையலறையுட் புகுந்தமையை இங்குக் காண்கின்றோம்.

பாலடிக்கும் பொறிகளை விற்றுவந்த ரே குரொக் என்பவர் 1954ஆம் ஆண்டில் இக்கடையைக் கண்டு வியந்து, 1955ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இலினோய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸ் என்னும் ஊரில் அதன் கிளையைத் திறந்தார். 1961ஆம் ஆண்டில் இருபத்தேழு இலட்சம் டொலருக்குச் சகோதரரின் உரிமை முழுவதையும் வாங்கிக்கொண்டார். அவர் தம் கடைகளில் இசைப்பெட்டி, சிகரெட் விற்கும் பொறி, பொதுத் தொலைபேசி ஆகியவற்றை வைக்க அனுமதிக்கவில்லை. இவையிருப்பின் இளைஞர் கூடி நின்று குடும்பங்களை வரவிடாமற் செய்வர் என அவர் கருதினார். அத்தொடக்கக் கடைகளில் உள்ளே அமர்ந்துண்ண இடமும் இருக்கவில்லை. விலையைக் குறைத்த அதே வேகம் நண்பர் கூடியிருக்கும் ஆசனத்தையும் அகற்றிவிட்டது. மலிவும் கூட்டுறவும் எப்பொழுதும் ஒன்றாய் வளர்வதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

காசு ஏற்கப்பட்டது, ஆள் ஏற்கப்படவில்லை

ஆசனம் இருந்த இடங்களிலும் அது யாவர்க்கும் உரியதாயிருக்கவில்லை. 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம், இனங்களைப் பிரித்துவைத்தாலும் வசதிகள் சமமாயிருப்பின் அஃது அரசியலமைப்புக்கு முரணாகாது எனத் தீர்ப்பளித்தது. தென்மாநிலங்களில் புகைவண்டி, பாடசாலை, உணவுச்சாலை ஆகிய யாவும் நிறத்தின் அடிப்படையிற் பிரிக்கப்பட்டன. சட்டம் அவ்வாறு கட்டளையிடாத மாநிலங்களிலும் வழக்கம் அதனைச் செய்தது. கறுப்பினப் பயணிகள் தமக்கு உணவும் உறையுளும் கிடைக்கும் இடங்களை அறிந்துகொள்ள உதவும் கையேடொன்றை நியூயோர்க் தபால் ஊழியரான விக்டர் கிறீன் என்பவர் 1936ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவந்தார். மோட்டார் வண்டி எல்லோருக்கும் விடுதலை தந்தது எனக் கூறுவோர் இக்கையேட்டின் தேவையை மனங்கொள்ளுதல் வேண்டும்.

அக்காலத்தில் மருந்துக்கடைகளிலும் பலசரக்குப் பெருங்கடைகளிலும் 'லஞ்ச் கவுண்டர்' எனப்பட்ட சிற்றுண்டி மேசை இருந்தது. நீண்ட மேசையின்முன் சுழலும் ஆசனங்களில் வரிசையாக அமர்ந்து ஹம்பேர்கரும் கோப்பியும் உண்ணும் இடம் அது. நகரத்து நண்பர் சந்திக்கும் மலிவான இடமும் அதுவே. கறுப்பின மக்கள் அக்கடைகளில் பற்பசையோ நோட்டுப் புத்தகமோ வாங்குவதற்குத் தடை இருக்கவில்லை. உணவையும் பொதிசெய்து எடுத்துச் செல்லலாம். ஆசனத்தில் அமர்வதற்கே தடை. காசைத் தொடுவதும் சமைத்த கையைப் பொறுப்பதும் தீட்டாகவில்லை. அருகிருந்து உண்பதே தீட்டாகியது. பிரிவினையின் உட்பொருள் உணவு பற்றியதன்று, சமத்துவம் பற்றியது என்பது இதனாற் புலனாகின்றது.

மாணவர் அமர்ந்தனர்

ஐந்து சத ஹம்பேர்கர் பிறந்த விச்சிட்டாவிலேயே இம்முறைக்கு எதிரான எழுச்சியும் தோன்றியமை குறிப்பிடத்தக்கது. 1958ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ரொன் வோல்ட்டர்ஸ், கரொல் பார்க்ஸ் என்னும் இளைஞர் இருவரின் தலைமையிற் கறுப்பின மாணவர் சிலர் டொக்கம் என்னும் மருந்துக்கடையின் சிற்றுண்டி மேசையில் வந்தமர்ந்தனர். உணவு கிடைக்கும்வரை அமைதியாக இருப்பதே அவர்தம் திட்டம். ஏறத்தாழ மூன்று வாரங்கள் மீண்டும் மீண்டும் வந்தமர்ந்தபின், ஓகஸ்ட் மாதத்தில், நட்டத்தைத் தாங்கமாட்டாத கடைநிருவாகம் இணங்கியது. இவ்வெற்றி அன்று நாடளாவிய செய்தியாகவில்லை. தலைமைதாங்கிய வோல்ட்டர்ஸ் பிற்காலத்தில் அரசறிவியற் பேராசிரியராக விளங்கினார்.

அதே ஓகஸ்ட் மாதம் 19ஆம் நாள் ஒக்லஹோமா நகரில் கிளாரா லூப்பர் என்னும் வரலாற்று ஆசிரியை, பதின்மூன்று சிறுவர் சிறுமியருடன் காற்ஸ் என்னும் மருந்துக்கடைக்குச் சென்று மேசையிலமர்ந்து கொக்கா கோலா கேட்டார். சில நாட்களில் அக்கடையும் தன் வழக்கத்தை மாற்றியது. அந்நகரின் ஏனைய உணவுச்சாலைகளைத் திறப்பதற்கோ அவர் பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது.

உலகறிந்த நிகழ்ச்சி 1960ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாம் நாள் வட கரோலைனாவின் கிறீன்ஸ்பரோ நகரில் நிகழ்ந்தது. எசெல் பிளெயர், டேவிட் றிச்மண்ட், பிராங்ளின் மக்கெய்ன், ஜோசப் மக்நீல் என்னும் முதலாம் ஆண்டுக் கல்லூரி மாணவர் நால்வர், வூல்வேர்த் கடையில் சில பொருள்களை வாங்கிப் பற்றுச்சீட்டும் பெற்றுக்கொண்டு, சிற்றுண்டி மேசையிலமர்ந்து கோப்பி கேட்டனர். அடுத்த பகுதியில் தம் காசை வாங்கிய கடை இப்பகுதியில் ஏன் வாங்க மறுக்கின்றது என்பதே அவர்களது வினா. விடை கிடைக்கவில்லை, கோப்பியும் கிடைக்கவில்லை. கடை மூடும்வரை அமர்ந்திருந்து சென்றனர். மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவ்வாரம் முடியுமுன் தொகை நூற்றுக்கணக்காயிற்று. பென்னற் பெண்கள் கல்லூரி மாணவியரும் பெருமளவிற் பங்குபற்றினர். இரு மாதங்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு இயக்கம் பரவியது.

இந்நால்வரும் விடுதி அறைகளில் இரவெல்லாம் உரையாடிய நண்பர்கள் என்பது நோக்கத்தக்கது. பேரியக்கம் எதனதும் கட்டளைப்படி அவர்கள் செல்லவில்லை. கூடி உரையாடும் நட்பிலிருந்தே கூடி அமரும் துணிவு பிறந்தது.

டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இயக்கம் மேலும் ஒழுங்குபெற்றிருந்தது. அங்கு மாணவர்க்குப் பயிற்சியளித்த ஜேம்ஸ் லோசன் 1953ஆம் ஆண்டிலிருந்து மூன்றாண்டுகள் இந்தியாவின் நாகபுரியில் தங்கிக் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையினைக் கற்றறிந்தவர். அவருடைய வகுப்புகளில் மாணவர் சிலர் தாக்குவோராகவும் சிலர் தாக்கப்படுவோராகவும் நடித்துப் பழகினர். அடித்தாலும் திருப்பியடித்தலாகாது, நேராக அமர்ந்திருத்தல் வேண்டும், மரியாதை தவறலாகாது என்பன விதிகள். டயான் நாஷ், ஜோன் லூயிஸ் முதலிய மாணவர் பலர் கைதாகினர். அவர்கள் வெளியேறிய ஆசனங்களில் அடுத்த அணியினர் வந்தமர்ந்தனர். லோசன் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். 1960ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் நாஷ்விலின் சில கடைகள் முதன்முறையாகக் கறுப்பின மக்களுக்கு மேசையில் உணவு பரிமாறின.

கிறீன்ஸ்பரோவில் அந்நாள் யூலை 25ஆம் நாள் வந்தது. அங்கு முதன்முதல் மேசையில் அமர்ந்து உண்டோர் வூல்வேர்த் கடையின் கறுப்பின ஊழியர்களே. நாள்தோறும் பிறர்க்கு உணவு ஆக்கி வழங்கிய அவர்கள், பணியுடையைக் களைந்து சொந்த உடையுடன் வந்து, தாம் துடைத்து வைத்த மேசையில் முதன்முறையாக உண்டனர். ஓர் ஆசனத்தின் விலை யாது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அரிது.

1960ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ராலே நகரின் ஷோ பல்கலைக்கழகத்தில் மாணவர் பிரதிநிதிகள் கூடித் தமக்கென ஓர் இயக்கத்தை அமைத்தனர். அக்கூட்டத்தை ஒழுங்குசெய்த எல்லா பேக்கர் என்னும் அம்மையார், மாணவரின் நோக்கம் ஒரு ஹம்பேர்கரினும் பெரியது என விளக்கிக் கட்டுரையொன்றை வரைந்தார். உணவுக்காக அன்று, வாழ்வின் எல்லாத் துறைகளிலும் சமத்துவத்துக்காகவே அவர்கள் போராடுகின்றனர் என்பது அவரது கருத்து. இக்கருத்து முற்றிலும் உண்மை. ஆயினும் அப்பெரிய நோக்கம் சிறியதொரு ஹம்பேர்கரை முன்னிட்டே வெளிப்பட்டது என்பதும் உண்மையே.

சட்டமும் வழக்கும்

போராட்டம் 1960ஆம் ஆண்டுடன் முடிந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டில் கிறீன்ஸ்பரோ மாணவர் அந்நகரின் மக்டொனால்ட்ஸ் கடைமுன்பும் மறியல் செய்யவேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட குடியியல் உரிமைச் சட்டம் உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

இச்சட்டத்தை எதிர்த்து அலபாமாவின் பேர்மிங்ஹம் நகரிலிருந்த 'ஒல்லீஸ் பார்பிக்கியூ' என்னும் குடும்ப உணவுச்சாலையினர் வழக்குத் தொடுத்தனர். 220 பேர் அமரக்கூடிய அச்சாலையில் 36 பேர் பணிபுரிந்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். எனினும் கறுப்பின வாடிக்கையாளர்க்குப் பொதிசெய்த உணவு மாத்திரமே வழங்கப்பட்டது. மாநிலங்களுக்கிடையிலான வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் அடிப்படையிலேயே கொங்கிரஸ் இச்சட்டத்தை இயற்றியிருந்தது. உள்ளூர்ச் சாப்பாட்டுக்கடை ஒன்றுக்கும் அவ்வாணிபத்துக்கும் என்ன தொடர்பு என்பது வழக்காளியின் வாதம். அக்கடை வாங்கிய உணவுப்பொருளில் நூற்றுக்கு 46 பங்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி என்பதை எடுத்துக்காட்டி, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. மனித மாண்பு பற்றிய வினாவுக்கு இறைச்சியின் பிறப்பிடத்தைக்கொண்டு விடையளிக்க நேர்ந்தமை சட்ட வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றெனலாம்.

தென் கரோலைனாவின் உணவுச்சாலைத் தொகுதி ஒன்று வேறொரு வாதத்தை முன்வைத்தது. வண்டியிலிருந்தே வாங்கும் கடைகளிற் பெரும்பாலோர் உணவைக் கடையில் உண்பதில்லை. ஆதலின் அவை சட்டத்துக்குட்பட்ட உணவுச்சாலைகள் அல்ல என்பது அவ்வாதம். 1966ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் இதனை ஏற்றது. 1967ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. வேகத்துக்காக அகற்றப்பட்ட ஆசனம் பாகுபாட்டுக்குப் புகலிடமாகப் பயன்பட முயன்றமையை இவ்வழக்கு காட்டுகின்றது.

ஆசனம் திரும்பியபின்

1960களில் மக்டொனால்ட்ஸ் கடைகளில் உள்ளே அமர்ந்துண்ணும் இடம் படிப்படியாக ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தொடங்கிய 'ரி. ஜி. ஐ. பிறைடேஸ்' போன்ற சாலைகள், உயர்தர விடுதியின் விறைப்புமின்றித் தெருக்கடையின் அவசரமுமின்றி இளைஞரும் இளம்பெண்களும் கூடியிருந்து ஹம்பேர்கர் உண்ணும் வழக்கத்தைப் பெருக்கின. 1968ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிக்காகோவில் ஹேர்மன் பெற்றி என்பவர் மக்டொனால்ட்ஸ் கடையொன்றின் உரிமையைப் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார்.

ஆயினும் சட்டம் கதவைத் திறந்ததேயன்றி மனங்கள் யாவற்றையும் திறந்துவிடவில்லை. கறுப்பின வாடிக்கையாளரைக் காக்கவைத்தும் புறக்கணித்தும் நடத்தியதாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளை முடித்துக்கொள்வதற்கு டெனிஸ் என்னும் உணவுச்சாலை நிறுவனம் 1994ஆம் ஆண்டில் ஐந்து கோடி டொலருக்கும் மேலான தொகையைச் செலுத்த இணங்கியது. ஆசனத்தை மறுப்பதற்குப் பதிலாக உணவைத் தாமதித்தல் புதிய முறையாயிருந்தது எனலாம்.

கிறீன்ஸ்பரோவின் வூல்வேர்த் கட்டடம் 2010ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாம் நாள் குடியியல் உரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அச்சிற்றுண்டி மேசையின் ஒரு பகுதி வாஷிங்டனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் புலனாகின்றன. வணிகம் உணவை மலிவாக்கி வகுப்பு வேறுபாட்டை ஓரளவு தளர்த்தியது. இலாபம் வேகத்தைக் கேட்டபோது அதே வணிகம் கூடியிருக்கும் இடத்தைச் சுருக்கியது. நிறவெறி வழக்கமாக இருந்தவரை அது வழக்கத்துக்குப் பணிந்தது. அமர்ந்திருந்த மாணவரால் நட்டம் ஏற்பட்டபோது மாணவருக்குப் பணிந்தது. ஆகவே சந்தை தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவரும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வரலாறு துணை செய்யவில்லை. சட்டமும் தனித்து இயங்கவில்லை. மாணவர் அமர்ந்து நான்காண்டுகளின் பின்னரே சட்டம் வந்து சேர்ந்தது.

'சம ஆசனம், சம போசனம்' என்பன இந்நாட்டுத் தமிழ்ச் சமுதாயச் சீர்திருத்தத்திலும் ஒலித்த சொற்றொடர்கள். இவற்றுள் ஆசனம் முன்னும் போசனம் பின்னும் நிற்றல் பொருத்தமானதே. போசனத்தைப் பொதிசெய்து எவர் கையிலும் கொடுத்துவிடலாம்; அருகில் இடம்விடுதலே கடினமானது. நண்பருடன் மலிவான உணவுச்சாலையொன்றில் இன்று எளிதாக அமர்வோர், அவ்வாசனம் காலியாகக் கிடந்ததன்று, சிலர் எழ மறுத்தமையாற் கிடைத்தது என்பதை அறிந்திருத்தல் நன்று. அம்மேசையில் இன்னும் எவருக்கு இடமில்லை என்று கேட்பதற்கு அவ்வறிவு பயன்படுமாயின், வரலாற்றுக் கல்வியின் பயனும் அதுவேயாகும்.